அறுபதாயிரத்துக்குள் ஒரு ஹார்ட்டெயில்: மதுரை மண்ணுக்கு ட்ரெக் மார்லின் 5

ஐம்பது, அறுபதாயிரம் ரூபாய் வைத்துக்கொண்டு மதுரையில் ஒரு நல்ல எம்டிபி (மண், மலைப் பாதைக்கான மவுன்டன் பைக்) தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முன்னால் மட்டும் ஷாக், பின்னால் வெறும் பிரேம், அதற்குப் பெயர்தான் ஹார்ட்டெயில். நான் எடுத்தது ட்ரெக் கம்பெனியின் மார்லின் 5, இரண்டாம் தலைமுறை. கடையில் நின்ற முந்தைய மாடல், ஆனால் ஓட்டாத புது வண்டி, அதனால் விலையும் கொஞ்சம் இறங்கி வந்தது. எடுத்து ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடந்தாயிற்று. இன்றைக்கு வாங்கச் சொன்னாலும் இதைத்தான் எடுப்பேன். ஆனால் மாடல் பெயரை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள். பெயர் வருடா வருடம் அதேதான் இருக்கும், உள்ளே பாகங்கள் மாறிக்கொண்டே இருக்கும். எந்தப் பாகத்துக்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கத் தேவையில்லை என்பது தெரிந்துவிட்டால் எந்தக் கம்பெனி வண்டியையும் நீங்களே எடை போட்டுவிடலாம்.

முதலில் எங்கே ஓட்டப் போகிறோம் என்று யோசிக்க வேண்டும். வீடியோக்களில் வெளிநாட்டுக்காரர்கள் பாறையிலிருந்து குதிப்பதைப் பார்த்துவிட்டு 140, 150 மில்லிமீட்டர் அமுங்குகிற ஷாக் கேட்கிறவர்கள் உண்டு. நம்மிடம் இருப்பது வேறு நிலம். பேரணையில் பிரிந்து கள்ளந்திரி வழியாக மேலூர்ப் பக்கம் போகிற பெரியாறு கால்வாய்க் கரை, ஊருக்கு ஊர் கண்மாய்க் கரைகள், நாகமலை அடிவாரத்துச் சரளை, யானைமலைக்குப் பின்னால் வண்டிப்பாதைகள், அரிட்டாபட்டிப் பக்கம் செம்மண்ணும் பாறையும், திருமங்கலம் தாண்டிக் கள்ளிக்குடிப் பக்கம் போனால் கரிசல். இதில் எங்கே போய்ச் சேரவும் ரிங் ரோட்டிலோ நான்குவழிச் சாலையிலோ பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தார் ரோட்டில் மிதித்தாக வேண்டும். மலை ஏறணும் என்று ஆசை வந்தால் சிறுமலை இருக்கிறது, 18 கொண்டை ஊசி வளைவு, அதுவும் தார் ரோடுதான். ஆக, பாதி தார், பாதி மண். இதற்கு 100 மில்லிமீட்டர் ஷாக் தாராளம்.

இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். எம்டிபி கையில் இருக்கிறது என்பதற்காகக் காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. கீழக்குயில்குடி சமணர் மலையிலும் அரிட்டாபட்டியிலும் இருப்பவை பாதுகாக்கப்பட்ட சின்னங்கள், அரிட்டாபட்டி 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊரும்கூட. இரண்டாயிரம் வருடத்துத் தமிழிக் கல்வெட்டு இருக்கிற பாறை மேல் டயரை ஏற்றி ரீல்ஸ் எடுக்காதீர்கள். வண்டியை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு நடந்து ஏறுங்கள்.

சரி, வண்டிக்கு வருவோம். இருபதாயிரத்துக்கு 'டபுள் ஷாக்' வண்டி கிடைக்கும், பார்க்கவும் மிரட்டலாக இருக்கும். வேண்டாம். அந்த விலைக்குப் பின்னால் வைக்கிற ஷாக் வெறும் ஸ்பிரிங், மிதிக்க மிதிக்க நம் பலத்தில் ஒரு பங்கை அது விழுங்கிவிடும், எடையும் கூடும், ஒரு வருடத்தில் அச்சில் ஆட்டம் கொடுக்கும். அந்தக் காசில் ஷாக்கே இல்லாத நல்ல சைக்கிள் எவ்வளவோ மேல்.

என் கணக்கில் காசு போக வேண்டியது மூன்று இடத்துக்கு: பிரேக், பின் ஹப் (பின் சக்கரத்தின் நடுக்குடம்), டயர். ஷாக்கும் கியர் எண்ணிக்கையும் அதற்குப் பிறகுதான். கடைக்காரர்கள் இதைத் தலைகீழாகச் சொல்வார்கள், ஏனென்றால் ஷாக்கும் "21 கியர்" ஸ்டிக்கரும்தான் கண்ணுக்கு முதலில் தெரியும்.

பிரேக்கில் ஹைட்ராலிக் டிஸ்க் என்றால் லீவரிலிருந்து, டிஸ்க் வட்டைக் கடிக்கிற காலிப்பர் வரை ஆயில் போகும், மெக்கானிக்கல் டிஸ்க் என்றால் நம் பழைய கேபிள்தான். மெக்கானிக்கலில் பெரும்பாலும் ஒரு பக்கத்து பேட், அதாவது பிரேக் கட்டைதான் நகர்ந்து வந்து வட்டை மறுபக்கம் தள்ளும். கேபிள் இழுபட இழுபட, பேட் தேயத் தேய, அடிக்கடி திருகிச் சரி செய்துகொண்டே இருக்க வேண்டும். ஹைட்ராலிக்கில் இரண்டு பேடும் சேர்ந்து வந்து கடிக்கும், பேட் தேய்வதை ஆயிலே ஈடு கட்டிவிடும். இந்த வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் சிறுமலையிலிருந்து இறங்கிப் பாருங்கள். வளைவுக்கு வளைவு பிரேக் பிடித்து, கேபிள் வண்டிக்காரருக்குப் பாதி வழியில் உள்ளங்கை வலிக்க ஆரம்பித்துவிடும். எனக்கு ஒரு விரல் போதுமாக இருந்தது. மார்லின் 5-ல் வருவது டெக்ட்ரோ ஹைட்ராலிக், மினரல் ஆயில் போடுகிற வகை. புது வண்டியில் முதல் நாளே பிரேக் பிடிக்கவில்லை என்று பயப்பட வேண்டாம், காலியான ரோட்டில் நல்ல வேகத்தில் போய் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைப்பதைப் பத்திருபது தடவை செய்தால் பேட் பழகிக்கொள்ளும். அப்புறம், டிஸ்க் வட்டில் ஆயில் பட்டுவிடக் கூடாது. நம் ஊரில் ஓவராயில் பண்ணக் கொடுத்தால் அன்பு மிகுதியில் கண்ட இடத்திலும் ஆயிலைப் பீய்ச்சி விடுகிறார்கள், அது பேடில் ஊறிவிட்டால் பேடையே தூக்கிப் போட வேண்டியதுதான். பக்கத்தில் நின்று "அண்ணே, செயினுக்கு மட்டும் போதும்ணே" என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்து பின் ஹப். இதைப் பற்றி எந்த விற்பனையாளரும் தானாக வாயைத் திறக்க மாட்டார், ஆனால் மலிவு வண்டிக்கும் நல்ல வண்டிக்கும் உண்மையான கோடு விழுவது இங்கேதான். 21 கியர் என்றால் முன்னால் மூன்று, பின்னால் ஏழு. அந்த ஏழு பல் சக்கரமும் பெரும்பாலும் ஒரே கட்டியாக ஹப்பில் மரை போட்டு ஏற்றுகிற ஃப்ரீவீலாக இருக்கும். அதில் வலது பக்கத்து பேரிங் பிரேமின் ஓரத்திலிருந்து வெகு உள்ளே தள்ளி உட்கார்ந்திருக்கும், அதனால் பள்ளத்தில் விழுந்து எழும்போதெல்லாம் அச்சு அந்த இடைவெளியில் வளைந்து கொடுக்கும், ஒரு நாள் முறிந்தும் போகும். கேசட் என்பது செருகி ஏற்றுகிற பல் சக்கரக் கட்டு, அந்த வகையில் சுழல்கிற ஃப்ரீஹப் ஹப்போடு சேர்ந்த பாகம், பேரிங் வெளிப்பக்கம் வந்துவிடும், அச்சுக்குத் தாங்கல் கிடைக்கும். எடை கூடுதலான ஆள் என்றால் இந்த ஒரு விஷயத்துக்காகவே ஐந்தாறாயிரம் கூடக் கொடுக்கலாம். "இது ஃப்ரீவீலா, கேசட்டா?" என்று நேரடியாகக் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் வண்டி எடுக்காதீர்கள்.

மார்லின் 5-ல் முன்னால் இரண்டு, பின்னால் எட்டு, கியர் சாமான் ஷிமானோ ஆல்டஸ். இப்போது எல்லாரும் முன்னால் ஒற்றைப் பல் சக்கரம்தான் என்கிறார்கள். மண் பாதையில் அது நல்லதுதான், செயின் கழன்று விழுவது குறையும், இடது கைக்கு வேலை இல்லை. ஆனால் என் பயன்பாட்டுக்கு இரண்டு இருப்பது பிடித்திருக்கிறது. முன்னால் சின்னது 22 பல், பின்னால் பெரியது 32 பல், அதைப் போட்டால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் முக்கால் சுற்றுகூடச் சுற்றாது, சிறுமலையில் மூச்சு வாங்கும்போது அந்த கியர்தான் கூட வருகிறது. ரிங் ரோட்டில் 36 பல்லுக்கு மாறினால் வேகமும் கிடைக்கிறது. இதைவிட முக்கியமாக, எட்டு கியர் செயினும் கேசட்டும் விலை குறைவு, மதுரையில் கேட்ட இடத்தில் கிடைக்கும், மெக்கானிக்குகளுக்குப் பழகின சாமான். பன்னிரண்டு கியர் வண்டி அருமையாக ஓடும், ஆனால் செயின் தேய்ந்தால் என்ன விலை என்று விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

இனி டயர். மதுரைக்காரர்களுக்கு இதுதான் உயிர்நாடி, ஏனென்றால் நமக்கு எதிரி பாறையோ சேறோ கிடையாது, சீமைக்கருவேல முள். 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே வெட்டி எடுக்கச் சொல்லி உத்தரவு போட்ட மரம், இன்னமும் கண்மாய் உள்வாய் முழுக்க அதுதான் நிற்கிறது. மரம் நின்றாலாவது ஒதுங்கிப் போகலாம், விறகுக்கு வெட்டிவிட்டு முள் சுள்ளியை வண்டிப்பாதையில் போட்டுப் போயிருந்தால் தப்பவே முடியாது. காய்ந்த முள் ஆணி மாதிரி நேராக இறங்கும். இறங்கின பிறகு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பகுதி ஒடிந்து விழுந்துவிடும், நுனி மட்டும் டயர் ரப்பருக்குள் புதைந்து கிடக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. டயரைக் கழற்றி உள்பக்கம் விரலை வைத்து மெதுவாகத் தடவிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் சுருக்கென்று குத்தும், அரிசி முனை அளவுகூட இருக்காது, நிறமும் ரப்பரின் கறுப்போடு கலந்திருக்கும். அதை வெளியிலிருந்து ஊசியால் நெம்பி, உள்ளிருந்து சின்ன சாமணத்தால் பிடித்து இழுத்தால்தான் வரும். ஒத்தக்கடையில் பஞ்சர் போடுகிற பெரியவர் ஒருவர் சொன்னார், "தம்பி, முள்ளை எடுக்காம டியூப்பை மட்டும் ஒட்டிட்டுப் போனா, ரோட்டைத் தாண்டுறதுக்குள்ள திரும்பி வருவ." வண்டியில் வைத்திருக்கிற சின்னப் பையில் ஸ்பேர் டியூப்புக்குப் பக்கத்தில் ஒரு சாமணமும் இருக்கட்டும்.

இதற்கு முழு மருந்து டியூப்லெஸ். டியூப் இல்லாமல் டயருக்குள் ரப்பர் பால் கலந்த சீலன்ட் ஊற்றிவிட்டால் முள் குத்தின ஓட்டையை அதுவே அடைத்துக்கொள்ளும். அதற்கு ரிம்மும் டயரும் டியூப்லெஸ்ஸுக்குத் தயாரானவையாக இருக்க வேண்டும், மார்லின் 5-ன் ரிம் அப்படிப்பட்டது கிடையாது. அடுத்த படியான மார்லின் 6 எடுத்தால் ரிம் அப்படி வரும், டயரும் அப்படிப்பட்டதா என்று கேட்டுக்கொண்டு, காசு இருந்தால் அதற்காகவே போகலாம். நான் செய்திருப்பது டியூப்புக்குள்ளேயே சீலன்ட் ஊற்றுவது. வால்வின் உள் ஊசியைக் கழற்றி ஊற்ற வேண்டும், நம் பைக் டியூப்பில் வருகிற தடிமனான வால்வாக இருந்தால் சுலபம். முள் குத்தினால் 'உஸ்' என்று கொஞ்சம் காற்று போய் நின்றுவிடுகிறது. மதுரை வெயிலில் அது சீக்கிரம் காய்ந்துவிடும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சேர்த்து ஊற்ற வேண்டியிருக்கிறது.

வால்வைப் பற்றிச் சொன்னேன் இல்லையா, அதையும் கடையில் பாருங்கள். ஒல்லியான பிரெஸ்டா வால்வு வந்தால் பெட்ரோல் பங்க்கிலும் பஞ்சர் கடையிலும் காற்று ஏறாது. பித்தளையில் ஒரு சின்ன அடாப்டர் விற்கிறது, அதை வாங்கிச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டால் போதும், விலை ஒன்றும் பெரிதில்லை. காற்றின் அளவும் முக்கியம். 2.2 அங்குல டயருக்கு, எழுபது எழுபத்தைந்து கிலோ ஆளுக்கு, மண் பாதையில் முப்பதிலிருந்து முப்பத்தைந்து பிஎஸ்ஐ சரியாக இருக்கும், கிட்டத்தட்ட காருக்கு அடிக்கிற காற்று. சைக்கிள்தானே என்று கல்லு மாதிரி அடித்து அனுப்புவார்கள், அப்படி அடித்தால் சரளையில் டயர் துள்ளும், பிடிமானமும் இருக்காது.

சக்கரம் 29 அங்குலம். கால்வாய்க் கரையில் மாட்டு வண்டித் தடமும் குழியும் மாறி மாறி வரும்போது பெரிய சக்கரம் உருண்டு ஏறிவிடுகிறது. ரிம்மில் டயர் உட்காருகிற இடத்தின் விட்டம் 622 மில்லிமீட்டர், அதாவது ரோடு, ஹைப்ரிட் சைக்கிள்களுக்கு வருகிற 700சி சக்கரத்தின் அதே அளவு, அவசரத்துக்கு ஹைப்ரிட் சைக்கிளின் டியூப்பைக்கூடப் போட்டு வீடு வந்து சேரலாம். ஐந்தடி நான்குக்குக் கீழே இருப்பவர்களுக்கு 27.5 அங்குலம்தான் கைக்கு அடங்கும், ட்ரெக்கே சின்ன பிரேம்களுக்கு அந்தச் சக்கரத்தைத்தான் போடுகிறது.

அளவு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. டவுனில் ஒரு கடையில் எனக்கான பிரேம் இல்லை, அதைவிட ஒரு அளவு பெரியது மட்டும் நின்றது. கடைப் பையன், "அண்ணே, சீட்டை இறக்கிட்டா உங்களுக்குக் கரெக்டா வந்துரும்ணே" என்றான். சீட் இறங்கும் தம்பி, ஹேண்டில்பார் கிட்ட வருமா என்று கேட்டேன். அதற்கு ஆபர் பேச ஆரம்பித்துவிட்டார்கள், ஹெல்மெட் இலவசம், ஸ்டாண்டு இலவசம் என்று. வந்துவிட்டேன். பெரிய பிரேமில் கையை நீட்டி நீட்டி ஓட்டினால் ஒரு மணி நேரத்தில் கழுத்தும் முதுகும் சொல்லும், சீட்டை எவ்வளவு இறக்கினாலும் அந்த நீளம் குறையாது. செருப்பில்லாமல் ஷூவோடு போங்கள், வண்டியின் மேல்கம்பிக்கு இருபக்கமும் கால் ஊன்றி நின்று பாருங்கள், கவட்டைக்கும் கம்பிக்கும் நடுவில் இரண்டு அங்குலமாவது இடைவெளி வேண்டும். அப்புறம் கடைக்கு முன்னால் ஒரு சுற்றாவது ஓட்டிப் பார்க்க விடச் சொல்லுங்கள். உங்கள் அளவு வர இரண்டு வாரம் ஆகும் என்றால் காத்திருங்கள், ஒன்றும் கெட்டுவிடாது.

ஷாக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இதில் இருப்பது சன்டூர் எக்ஸ்சிஇ, 28 மில்லிமீட்டர் குழாய், உள்ளே காயில் ஸ்பிரிங். தார் ரோட்டில் ஷாக்கை அமுங்காமல் பூட்டி வைக்கிற லாக் கிடையாது. அமுக்கிவிட்டுக் கையை எடுத்தால் சட்டென்று மேலே வரும், அந்த வேகத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு இந்த வகையில் இல்லை. இந்த வண்டியில் பலவீனமான பாகம் எது என்று கேட்டால் இதுதான். ஆனால் சரளையின் அதிர்வைக் கைக்கு வராமல் பிடித்துக்கொள்கிறது, வரப்பு தாண்டினால் தாங்குகிறது, நம் நிலத்துக்கு அது போதும். காற்று அடைத்த ஷாக் என்றால் உங்கள் எடைக்குத் தகுந்த மாதிரி வைத்துக்கொள்ளலாம், எடையும் குறைவு, அது கிடைக்கிற மாடல்கள் என் பட்ஜெட்டுக்கு மேலே போய்விட்டன. அதற்காகப் பிரேக்கிலோ ஹப்பிலோ கீழே இறங்கி காற்று ஷாக் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. புழுதியில் ஓட்டிவிட்டு வந்தால் ஷாக் குழாயை ஒரு துணியால் துடைத்துவிடுங்கள், மண் துகள் சீலுக்குள் போனால் ஆயுசு குறையும்.

அலுமினிய பிரேம் நன்றாக இருக்கிறது. கேரியருக்கும் ஸ்டாண்டுக்கும் துளை இருக்கிறது, வாரநாளில் கேரியர் மாட்டி வேலைக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். முதல் உரிமையாளருக்குப் பிரேமுக்கு வாழ்நாள் உத்தரவாதம், பில்லைப் பத்திரமாக வையுங்கள். எடை பதினான்கு கிலோவுக்கு மேல், மாடி வீட்டுக்காரர்கள் தூக்கிப் பார்த்துவிட்டு எடுங்கள். கரிசலில் மட்டும் ஐப்பசி மழைக்குப் பிறகு போகாதீர்கள், பின் சக்கரத்துக்கும் பிரேமுக்கும் நடுவில் மண் அப்பிக்கொண்டு சக்கரமே சுற்றாமல் நின்றுவிடும். இது எந்த எம்டிபிக்கும் நடக்கும், அந்த நாட்களில் செம்மண் பக்கம் போய்விடுவதுதான் வழி.

இதே விலைக்கு ஸ்காட் ஆஸ்பெக்ட், ஜயன்ட் டாலன், மெரிடா பிக் நைன் எல்லாம் பார்க்கத் தகுந்தவை, பிரேம் எதிலும் குறை சொல்ல முடியாது, எது உங்கள் அளவில் நிற்கிறது, எதற்குப் பக்கத்திலேயே சர்வீஸ் கிடைக்கிறது என்று பார்த்து எடுத்தால் போதும். காசுக்கு எவ்வளவு பாகம் என்று மட்டும் கணக்குப் போட்டால் டெகாத்லானின் ராக்ரைடர் முந்திவிடும். நான் மார்லினுக்குப் போனது ஓட்டிப் பார்த்ததில் உட்காரும் நிலை பிடித்துப்போனதாலும், வண்டியைப் பூட்டிக் கொடுத்த மெக்கானிக்கின் வேலை சுத்தமாக இருந்ததாலும்தான். பெட்டியில் வருகிற வண்டியை யார் பூட்டுகிறார் என்பது பாதி வண்டி. டெலிவரி எடுக்கும்போது இரண்டு சக்கரத்தையும் தூக்கிச் சுற்றிப் பாருங்கள், ரிம் கோட்டம் இருக்கிறதா, டிஸ்க் வட்டு பேடில் உரசுகிறதா என்று. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் ஹேண்டில்பார் கழுத்தில் 'டொக்' என்ற ஆட்டம் இருக்கக் கூடாது. எல்லா கியரும் ஏறி இறங்க வேண்டும். சில வாரத்தில் கேபிள் இழுபட்டு கியர் தடுமாறும், அது குறை இல்லை, முதல் இலவச சர்வீஸில் சரி செய்துவிடுவார்கள்.

பட்ஜெட்டில் ஐந்தாயிரமாவது தனியாக எடுத்து வையுங்கள். ஹெல்மெட், முன் பின் விளக்கு, பூட்டு, பம்ப், இரண்டு டியூப். இதில் எதையும் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளக் கூடாது, நான்குவழிச் சாலையில் விடிகாலை இருட்டில் பின் விளக்கு இல்லாமல் போவது உயிரோடு விளையாடுவது. அதோடு, 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, பில்லில் அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கையில் முப்பது, முப்பத்தைந்தாயிரம்தான் இருக்கிறது என்றாலும் இதே வரிசையில்தான் பார்க்க வேண்டும். அந்த விலையில் ஹைட்ராலிக் பிரேக்கும் கேசட் ஹப்பும் சேர்ந்து கிடைக்காவிட்டால், மெக்கானிக்கல் டிஸ்க்கோடு கேசட் ஹப் இருக்கிற வண்டியை எடுங்கள். ஹைட்ராலிக் பிரேக்கைப் பிறகு தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம், ஹப்பை மாற்றப் போனால் கம்பி கட்டி, கியர் மாற்றி, சக்கரத்தையே புதிதாக வாங்குகிற செலவு வந்துவிடும்.